மெய்யியல் படித்தவள்

ஒருவர் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்கிறார். பக்கத்தில் நிற்பவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு நடப்பதற்கெல்லாம் யார் பொறுப்பு? மூத்தவளின் வாழ்க்கையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவள் மெய்யியல் பட்டதாரி. இதற்குப் பதில் சொல்ல அவளைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார் என்று நினைக்கத் தோன்றும். அவள் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா லிஃப்ட் ஓட்டுபவர். கடைத்தெரு முனையில் ஒரு பழைய கட்டடம், மேல் மாடிகள் முழுக்க டாக்டர்களின் அறைகள். கம்பிக் கதவை இழுத்துச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பிவிட்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்தபடியே நாள் முழுக்க நோயாளிகளை ஏற்றி இறக்குவார். மாடிக்கு மாடி சுவரில் பலகை இருக்கும். இதயவியல் ஐந்தாம் மாடி, நரம்பியல் ஆறாம் மாடி, சிறுநீரகவியல் அதற்கும் மேலே. சின்ன வயதில் பாதியில் விட்ட படிப்பை அவர் அந்தப் பலகைகளில்தான் தொடர்ந்தார். ஒரு சொல் 'இயல்' என்று முடிந்தால் அது டாக்டர் படிப்பு என்பது அவராகக் கண்டுபிடித்த இலக்கணம்.

அவருடைய மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தா பெஞ்சில், என்ன நோய் என்று யாரும் சொல்லாமலே, காத்திருந்து காத்திருந்து போய்ச் சேர்ந்தாள். அப்போது இளைய மகளுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. "நம்ம ஆளு ஒருத்தராவது உள்ள இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது" என்று அவர் அடிக்கடி சொல்வார். உள்ளே என்றால் ஆஸ்பத்திரிக்கு உள்ளே, வெள்ளைக் கோட்டுப் பக்கம். மூத்தவள் உள்ளே போக வேண்டும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மதிப்பெண் வந்தபோது உயிரியல் காலை வாரிவிட்டது. டாக்டர் படிப்பும் அதற்குப் பக்கத்துப் படிப்புகளும் கைநழுவிப் போயின. கடைசியாகக் கலைக் கல்லூரியில் போய் நின்றார்கள். இடம் காலியாக இருக்கும் பாடங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அப்பா அதை மேலிருந்து கீழாக, மாடிப் பலகையைப் படிப்பதுபோலவே படித்தார். வரலாறு. வணிகம். மெய்யியல். அங்கே நின்றுவிட்டார்.

"இது என்னம்மா மெய்யியல்?" என்றவர், அவள் வாயெடுப்பதற்குள் தானே பதிலும் சொல்லிவிட்டார். "மெய்ன்னா உடம்புதானே! முதல் வகுப்புலயே சொல்லிக் குடுத்தாங்களே, உயிரெழுத்து, மெய்யெழுத்துன்னு. உயிர் வேற, மெய் வேற. இது உடம்பைப் பத்தின படிப்பு. பாரு, யாருக்குமே தெரியாம இங்க கெடக்குது!"

மெய் என்றால் உடம்பு. அதில் தவறில்லை. மெய் என்றால் உண்மை என்றும் பொருள். மெய்யியல், அதாவது தத்துவம், நடத்தும் வகுப்பறையில் நடப்பதெல்லாம் இந்த இரண்டாவது பொருளைப் பற்றிய விசாரணை. மூத்தவளுக்கு இது தெரியும். பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை அவள் எடுத்துப் படித்திருந்தாள். நாம் இப்போது கனவு காணவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும் என்று தொடங்கி, கடைசிப் பக்கம்வரை பதில் சொல்லாமலே முடிந்துபோகும் புத்தகம். பதில் இல்லை என்பதுதான் அவளை இழுத்தது. அவள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் ஏற்கெனவே இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்கினார். "மெய்யியலா? தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியாம என்ன சார்? உடம்பு!" என்று அப்பா தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

குமாஸ்தா அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நீயே சொல்லிவிடு என்பதுபோல ஒரு பார்வை. "ஆமா சார், மெய்யியல்தான்" என்றாள் மூத்தவள்.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதற்குப் பிறகும் அவள் வீட்டில் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. இதை அவளுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உண்மையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஏமாற்றுவது கொஞ்சம் கடினமான வேலை, அவ்வளவுதான்.

லிஃப்டுக்குள் செய்தி பரவியது. "ஆறாம் மாடிக்காரர் நரம்பு, அஞ்சாம் மாடிக்காரர் இதயம். எல்லாரும் துண்டு துண்டாப் படிச்சவங்க" என்று அப்பா ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "என் மூத்த பொண்ணு முழு உடம்பையும் படிக்கிறா."

"அப்ப என் முதுகும் அதுல வருமாய்யா?" என்று கேட்டார் மாதாமாதம் வரும் ஒரு முதுகுவலிக்காரர்.

"முதுகு இல்லாத உடம்பு உண்டாங்க?"

அவள் பெரிய மாணவி என்று சொல்ல ஆசைதான். ஆனால் சுமாரான மாணவி. கேள்விகளைப் பிடித்துக்கொண்டாள், விடைகளில் கோட்டைவிட்டாள். ஆனாலும் அந்த ஆண்டுகளில் அவள் முகம் தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே தெரியும் மரம் தான் பார்க்காதபோதும் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நிறுத்தத்தைத் தவறவிடுவாள். இப்படி ஒருமுறை தவறவிட்டு வெகுதூரம் நடந்து வந்தபோது, "ரொம்பப் படிக்காதம்மா, உடம்பு கெட்டுடும்" என்றார் அப்பா. அவள் சிரித்துவிட்டாள். ஏன் சிரித்தாள் என்று அவருக்கு விளங்கவில்லை. மகள் சிரிக்கிறாளே என்று அவரும் சிரித்தார்.

பட்டம் வாங்கிய பிறகு சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. துணிக்கடை, காப்பீட்டு நிறுவனம், தனியார் பள்ளி என்று ஏறி இறங்கினாள். "மெய்யியலா? ஜோசியம் பாப்பீங்களாம்மா?" என்று ஒருவர் கையை நீட்டினார். "எங்களுக்கு யோசிக்கிற ஆள் இருக்காங்கம்மா, அது நாங்கதான். செய்யற ஆள்தான் வேணும்" என்றார் இன்னொருவர். பள்ளியில், அப்படி ஒரு பாடமே எங்களிடம் இல்லையே என்றார்கள். உண்மையைச் சொன்னவர்கள் அவர்கள்தான். அவளோடு வணிகம் படித்தவள் வங்கியில் உட்கார்ந்துவிட்டாள். புவியியல் படித்தவன் நில அளவைக்குப் போய்விட்டான். ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அறைக்கு ஒரு கதவுதான் தெரியும். மற்ற கதவுகள் சாத்தப்படும் ஓசை பிறகுதான் கேட்கும்.

அப்பா கடைசியில் ஆறாம் மாடி டாக்டரிடமே கேட்டுவிட்டார். லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருக்கும்போது கேட்டார். "டாக்டர், என் பொண்ணு மெய்யியல் முடிச்சிட்டு வீட்டுல இருக்கா. ஆஸ்பத்திரில ஏதாவது..."

டாக்டர் கையிலிருந்த ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டிகிரிதானே? என்ன இயலா இருந்தா என்ன? பெரியாஸ்பத்திரி கீழ்த்தளத்துல டிகிரி முடிச்ச ஆள் ஒண்ணு வேணும்னாங்க. என் பேரைச் சொல்லிப் போய்ப் பாக்கச் சொல்லுங்க."

அன்று சந்தோஷத்தில் அப்பா கைப்பிடியை நேரத்துக்குத் திருப்ப மறந்துவிட்டார். லிஃப்ட் தளத்துக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. டாக்டர் குதித்து இறங்கினார்.

கீழ்த்தளம் என்பது பிணவறை. அங்கே வேலை செய்பவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. கீழ்த்தளம் என்றுதான் சொல்வார்கள். மூத்தவளும் வீட்டில் அப்படியே சொன்னாள். "கீழ்த்தளத்துல என்னம்மா பிரிவு?" என்றார் அப்பா. "உடம்பு சம்பந்தப்பட்டதுதான்பா." அப்பா தொடையில் தட்டினார். "படிச்ச படிப்புக்கேத்த வேலை! முக்கியமான மெஷினெல்லாம் கீழதான் வைப்பாங்க. எங்க கட்டடத்துலயும் எக்ஸ்ரே கீழதான் இருக்கு."

இப்படித்தான் அவருடைய தவறு நிஜமாகவே பலித்தது. மெய்யியல் படித்தால் ஆஸ்பத்திரியில் வேலை என்பதற்கு இப்போது வீட்டிலேயே சாட்சி இருந்தது.

ஆளைக் காணோம் என்று தேடி வருபவர்களை உட்கார வைத்து விவரம் கேட்டு, உள்ளே அழைத்துப் போய்த் துணியை விலக்கிக் காட்டுவது அவள் வேலை. அவளுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஆளைப் பற்றிச் சொல்லச் சொல்வாள். தழும்பு, பல், நகம் கடிக்கும் பழக்கம், எல்லாவற்றையும். பார்த்துவிட்டால் பிறகு மனிதர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். பார்ப்பதற்கு முன் சொல்வதுதான் கணக்கு. குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு ஐஸ் அண்ணன் என்று பெயர். அவர் அவளை டிகிரி என்று கூப்பிட்டார்.

"டிகிரி, இன்னைக்கு நல்ல கூட்டம்" என்பார் காலையில். "ஆனா ஒண்ணு, மேல மாடி மாதிரி இல்ல. ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டாங்க."

"நீங்க மட்டும் அவசரப்படுத்தாம இருந்தாப் போதும்ணே."

"நான் ஏன் அவசரப்படணும்? எனக்கு இங்கயே இடம் போட்டு வெச்சிருக்கேன்."

படித்தது அவளுக்கு அங்கே உதவியதா? உதவியது என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். ஒருமுறை ஓர் ஆள் தன் தம்பியைப் பார்த்துவிட்டு, "இது அவன் மாதிரி இருக்கு, ஆனா அவன் இல்ல" என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். தழும்பு சரி, பல் சரி, சட்டை சரி. ஒரு பொருள் அதே பொருளாக இருப்பது எதனால் என்று அவள் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணா" என்றாள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

ஆண்டுகள் போயின. இளையவள் பள்ளியை முடித்தாள். வீட்டில் ஃபேன் நின்றாலும் ஃபியூஸ் போனாலும் முக்காலியைப் போட்டு ஏறுகிறவள் அவள்தான். மின்னியல் படிக்க வேண்டும் என்றாள். நல்ல மதிப்பெண்ணும் இருந்தது.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மின்னியல் படிச்சவனைத்தான் நான் தினம் பாக்கறேனே. லிஃப்ட் நின்னா கிரீஸ் கையோட வந்து நிக்கிறான். அக்கா படிச்சதைப் படி. அவளைப் பாரு, கவலை இல்லாம உள்ள உக்காந்திருக்கா."

"மெய்யியல், மின்னியல், ரெண்டுக்கும் மூணெழுத்துதான்பா வித்தியாசம். கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்."

"மூணெழுத்துல தலையெழுத்தே மாறிடும். மெய்யியல்தான். பேசி முடிச்சாச்சு."

இளையவள் அன்று மாலை மொட்டை மாடியில் அக்காவை மடக்கினாள். "உன் புத்தகத்தையெல்லாம் நான் சின்ன வயசுலயே புரட்டியாச்சுக்கா. ஒரு எலும்புப் படம்கூட இல்ல. நீ என்ன படிச்சேன்னு எனக்குத் தெரியும், எங்க வேலை பாக்கறேன்னும் தெரியும். அப்பாவுக்குத்தான் தெரியாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மூத்தவள் காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "நான் சொல்றேன்."

"எப்ப? நான் அதுல போய்ச் சேந்தப்புறமா?"

"நாளைக்கு."

என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா, அது உடம்பைப் பற்றிய படிப்பில்லை. எனக்கு அப்போதே தெரியும். பிடித்துப்போய்த்தான் சேர்ந்தேன். மூன்றே வாக்கியம். அடுத்த நாள் அப்பாவைத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே காட்டிவிட்டுச் சொல்வது எளிது என்று நினைத்திருக்கலாம்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஆஸ்பத்திரி லிஃப்டில் முதன்முறையாகப் பயணியாக நின்றுகொண்டு, "என்ன தம்பி, கதவு கொஞ்சம் பிடிக்குது போல? எண்ணெய் விடுங்க" என்று ஓட்டுநரிடம் தொழில் பேசினார். கீழ்த்தளத்தில் கதவு திறந்ததும் குளிரும் மருந்து நெடியும் முகத்தில் அடித்தன. "ஏசி எல்லாம் போட்டிருக்காங்களே" என்றார்.

அவள் தன் மேசையைக் காட்டினாள். பிறகு உள்கதவைத் திறந்தாள். ஐஸ் அண்ணன் எழுந்து நின்று, "டிகிரியோட அப்பாவா? வாங்க, வாங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி. துணிக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலில் அட்டை கட்டியிருந்தது.

அப்பா வெகுநேரம் அந்தப் பாதத்தையே பார்த்தார். "டாக்டரெல்லாம் எங்கம்மா?"

"இங்க அவங்க வர்றது அபூர்வம்பா."

"நீ இதைத் தொடுவியா?"

"துணியை விலக்கணும்லப்பா."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டார். "மெய்ன்னா உடம்புன்னு சொன்னேன்" என்றார் தனக்குத்தானே. "உயிரில்லாத உடம்புன்னு எனக்குத் தோணவே இல்லையே."

அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லும் நேரம் அதுதான். அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை போய்விட்டது என்று நினைத்தாளோ என்னவோ. வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் இளையவளிடம் சொன்னார். "நீ மின்னியலே படி."

இளையவள் படித்தாள். வெளியூரில் துணை மின்நிலையம் ஒன்றில் வேலைக்குப் போனாள். அவள் வாழ்க்கை எழுந்து நின்றுகொண்டது. அப்பாவின் வாழ்க்கை உட்கார்ந்துவிட்டது. லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் அவர் பேசுவதை நிறுத்தினார். முதுகுவலிக்காரர், "முழு உடம்பு எப்படி இருக்காங்க?" என்று கேட்டபோது காதில் விழாததுபோல் கைப்பிடியைத் திருப்பினார். ஆறாம் மாடி டாக்டருக்கு வணக்கம் சொல்வதையும் விட்டார். பொத்தான் வைத்த புது லிஃப்ட் வந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மூத்தவள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். தானே தண்ணீர் எடுத்து வந்து அவள் கையில் ஊற்றுவார். அவள் சாப்பிடாமல் சாப்பிடமாட்டார். ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைப்பார். பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் வேலை எங்கே என்று கேட்டுவிட்டு வராமல் போனபோது, அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா தன்னைத்தானே தின்னுக்கிட்டிருக்காருக்கா" என்றாள் இளையவள். "அவர் உன்னைத் தள்ளிவிடல. நீயா போனேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. எழுந்து நடமாடுவாரு."

"சொல்றேன்."

கல்லூரிக் கரும்பலகையில் தொடங்கிய அதே மௌனம். அப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஆசை. இப்போது என்ன காரணம் என்று அவளைக் கேட்டவர்கள் உண்டு. குளிர்பெட்டியின் இரைச்சலுக்குப் பழகிய காது அவளுக்கு. கேட்காததுபோல் இருந்துவிடுவாள்.

அப்பாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டியைக்கூட வரவழைத்துவிட்டார்கள். அவர் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அங்க வேணாம்மா. கடைசியில உன் கையிலதான் வந்து சேருவேன். அந்த வேலையையும் நானே உனக்குக் குடுக்கணுமா?"

சமையலறையில் இளையவள் அவள் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

"நீ சொல்லாதே. அது என்னோடது. நானே பாத்துக்கறேன்."

மதியம் அப்பா கண்ணைத் திறந்தார். மூத்தவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். இளையவள் மருந்தும் கரண்டியுமாக வாசற்படியில் நின்றாள். அப்பாவுக்குப் பேச்சு மூச்சுக்கு ஒரு சொல்லாக வந்தது.

"ஒரு சொல்லைப் பாத்து... உன்னை அங்க தள்ளிட்டேன். நான்தான். மன்னிச்சிடும்மா."

மூத்தவள் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். இளையவள் தலையை ஆட்டினாள், சொல்லு என்பதுபோல. மூத்தவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் கையை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிட்டேன்பா" என்றாள்.

இளையவளின் கையிலிருந்த கரண்டி சாய்ந்து மருந்து சிந்தியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் தளர்ந்தது மனமா மூச்சா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்று, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இளையவள் கேட்டாள். "ஏங்கா அப்படிச் சொன்னே? அவர் பண்ணாத தப்புக்கு மன்னிக்க நீ யாரு?"

மூத்தவள் வேலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமிருக்கு."